கவுன்சலிங் எம்.எஸ்ஸி.: பெங்களூரில் படித்து, சில வருடம் வேலையும் பார்த்த பிறகு

சொந்தக்காரர்கள், பழைய ஆபீஸ் சிநேகிதிகள், அல்சூரில் அம்மா வீட்டுத் தெருவில் டிகிரி முடித்துவிட்டு நிற்கும் பிள்ளைகள் என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: கவுன்சலிங் படிக்கலாமா, போடுகிற பணத்துக்குத் தகுமா? போனில் துண்டு துண்டாகச் சொல்வதற்கு ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஐடி கம்பெனி ஒன்றில் எச்.ஆர். வேலையை விட்டுவிட்டு இங்கேயே இரண்டு வருட எம்.எஸ்ஸி. கவுன்சலிங் சைக்காலஜி படித்தேன். இப்போது வாரத்தில் பாதி நாள் ஒரு பள்ளி, மீதி நாள் ஒரு கிளினிக். படித்த கல்லூரியின் பெயரைச் சொல்லவில்லை. குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் அது வேண்டாம்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடத்திட்டம் எந்தக் கல்லூரியிலும் ஏறத்தாழ ஒன்றுதான். நீங்கள் கிளையன்டிடம் பேசியதை உட்கார்ந்து கேட்டு, வரிக்கு வரி திருத்த ஒருவர் இருக்கிறாரா என்பதில்தான் வித்தியாசமே. அப்படி ஒருவர் கிடைத்தால் கட்டிய பணத்துக்கு மேலேயே தகும். கிடைக்காவிட்டால் நூலகத்தில் படித்திருக்கலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம், ஏனென்றால் பாதிப் பேர் இதில்தான் மாட்டுகிறார்கள். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ்., அதற்கு மேல் எம்.டி. முடித்தவர், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில், அங்கீகரித்த படிப்பும் பதிவு எண்ணும் வேண்டும். என் காலத்தில் அதற்கு வழக்கமான வழி இங்குள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை போன்ற இடங்களில் இரண்டு வருட எம்ஃபில். கவுன்சலிங் எம்.எஸ்ஸி. முடித்தால் அந்த எண் கிடைக்காது. சேர்க்கைக்கு முன் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. எங்கள் வகுப்பில் சிலருக்கு இரண்டாம் வருடத்தில்தான் இது தெரிந்தது, அழுதார்கள். 2021இல் வந்த தேசிய துணை மருத்துவ மற்றும் சுகாதாரப் பணியாளர் ஆணையச் சட்டம் கவுன்சலர்களையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. தொலைநிலையிலும் ஆன்லைனிலும் உளவியல் சேர்க்கை கூடாது என்று 2025இல் யுஜிசி நிறுத்தியதும் அந்தச் சட்டத்தை வைத்துத்தான். ஆகவே 'வீட்டிலிருந்தே எம்.ஏ. சைக்காலஜி முடிச்சிடலாம்' என்று யாராவது இன்னும் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பரிவர்தன், பஞ்சாரா அகாடமி மாதிரி இடங்களில் டிப்ளமோ படிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். கேட்கும் திறன் வளர வேண்டும், தன்னார்வலராக உட்கார வேண்டும் என்றால் தாராளமாகப் படிக்கலாம். பள்ளி, கல்லூரி, மருத்துவமனையில் வேலை கேட்டுப் போனால் பல்கலைக்கழகப் பட்டம்தான் கேட்பார்கள்.

முதல் செமஸ்டரில் தியரி, ரிசர்ச் மெத்தட்ஸ், புள்ளியியல். பேச்சுவழிச் சிகிச்சை முறைகளை உருவாக்கிய கார்ல் ரோஜர்ஸ், ஆரன் பெக், ஆல்பர்ட் எல்லிஸ் எல்லாரும் பரீட்சைக்கு வந்து போனார்கள். புள்ளியியல் இப்போது துளியும் நினைவில்லை, அதனால் வேலையில் நஷ்டமும் இல்லை. கிளையன்டிடம் மாற்றம் வர என்னென்ன வேண்டும் என்று ரோஜர்ஸ் 1957இல் எழுதிய ஆறு நிபந்தனைகளை மட்டும் இன்றைக்கும் மனதில் ஓட்டிப் பார்க்கிறேன். கிளையன்ட் நகராமல் நின்றுபோகும் நாட்களில் குறை பெரும்பாலும் அந்த ஆறில் ஒன்றில்தான் இருக்கும்.

படிப்பு என்று நான் சொல்வது இரண்டாவது செமஸ்டரில் தொடங்கியது. மூன்று மூன்று பேராக உட்காரவைப்பார்கள். ஒருவர் கவுன்சலர், ஒருவர் கிளையன்ட், இன்னொருவர் பார்த்துக் குறிப்பெடுப்பவர். அறிவுரை சொல்லக்கூடாது, ஆறுதல் சொல்லக்கூடாது, தன் கதையை எடுத்துவிடக்கூடாது. கேட்டால் சுலபம். நம் ஊரில் வளர்ந்த யாருக்கும் இந்த மூன்றையும் விட்டால் பேச ஒன்றும் மிஞ்சாது என்பது உட்கார்ந்த பிறகுதான் தெரியும். எச்.ஆர். ஆள் எனக்கு இன்னும் கஷ்டம். ஒரு பிரச்சினை மேஜைக்கு வந்தால் சாயங்காலத்துக்குள் முடித்து மெயில் போட்டுப் பழகிய கை.

அதற்கு அடுத்த படி வெர்பேட்டம். கிளையன்டின் சம்மதத்தோடு பேச்சைப் பதிவு செய்து, அதில் பத்து நிமிடத்தை ஒரு வார்த்தை விடாமல் எழுத வேண்டும். முதல் நெடுவரிசையில் அவர் சொன்னது, அடுத்ததில் நாம் சொன்னது, மூன்றாவதில் அந்த நொடியில் நமக்குள் ஓடியது. இருமலும் மௌனமும்கூட எழுத்தில் வர வேண்டும். எழுதவே ஒரு ராத்திரி போகும். மறுநாள் அதைக் கேட்டுத் திருத்தும் சூப்பர்வைசர் மேடம் எதிரில் வைத்துப் படிக்க வேண்டும். மேடம் ஷிமோகாக்காரர், குரலே உயர்த்த மாட்டார். என்னோடு படித்த ஒருவருடைய தாளில் கிளையன்டாக இருந்த வகுப்புத் தோழி, 'அம்மாகிட்ட பேசி மூணு மாசமாச்சு' என்கிறாள். இவர் உடனே, 'ஏன், என்ன சண்டை?' என்று கேட்டிருக்கிறார். மேடம் அந்த வரியைப் பென்சிலால் வட்டமிட்டு, "இந்தப் பதில் அவளுக்கு வேணுமா, உங்களுக்கு வேணுமா?" என்றார். வகுப்பே அமைதியாகிவிட்டது. அந்த மூன்று மாதம் எப்படி இருந்தது என்று அவள் சொல்ல வந்தாள். சண்டைக்கான காரணத்தைத் தேடிப் போன பேச்சு கடைசிவரை அங்கே திரும்பவில்லை. தாளைப் புரட்டினால் கண்ணெதிரே தெரிந்தது. இப்படி ஒரு வருடம் வட்டம் வாங்கினால் வாய் தானாக நிதானப்படும்.

இன்னொரு வகுப்பையும் சொல்லியாக வேண்டும். மனச்சோர்வை அளக்க பிஎச்க்யூ-9 என்ற படிவம் உண்டு. ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்ஜியம் முதல் மூன்று, கூட்டினால் அதிகபட்சம் 27. ஒன்பதாவது கேள்வி சாகத் தோன்றுகிறதா என்பதைப் பற்றியது. எட்டுக் கேள்வியைத் தெளிவாகக் கேட்டுவிட்டு ஒன்பதாவதில் எல்லாருக்கும் குரல் இறங்கிவிடும். சிலர், 'அந்த மாதிரியெல்லாம் ஒண்ணும் இல்லைதானே?' என்று இல்லை என்ற பதிலையே எதிராளி வாயில் ஊட்டிவிடுவார்கள். மேடம் ஒரு மதியம் முழுக்க எங்களை ஜோடி ஜோடியாக உட்காரவைத்து, அவரவர் தாய்மொழியில் அந்தக் கேள்வியை நேராகக் கேட்கச் சொன்னார். தமிழில், கன்னடத்தில், மலையாளத்தில், தெலுங்கில். 'செத்துப்போயிடலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா? அதுக்கு வேண்டியது கையில இருக்கா?' கண்ணைத் தாழ்த்தாமல், குரல் மாறாமல் வரும்வரை திரும்பத் திரும்ப. கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோம் என்ற பயம் எங்கள் எல்லாருக்கும் இருந்தது. அப்படி நடப்பதில்லை என்றும், கேட்பது பெரும்பாலும் பாரத்தை இறக்குகிறது என்றும் ஆய்வுகள் சொல்வதை அன்றைக்கே காட்டினார். இரண்டு வருடத்தில் எனக்கு மிக அதிகம் பயன்பட்ட மதியம் அதுதான். இப்போது இப்படி ஒருவர் வந்தால் பாதுகாப்புத் திட்டம் எழுதுகிறோம், வீட்டில் யார் கூட இருப்பார்கள் என்று பார்க்கிறோம், மனநல மருத்துவரிடம் அனுப்புகிறோம், கூடவே டெலி-மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையின் 14416 எண்ணைக் கொடுக்கிறோம். 2022 அக்டோபரில் தொடங்கிய அந்தச் சேவைக்கு நிம்ஹான்ஸ்தான் தலைமை மையம். தமிழிலும் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். முயற்சி செய்து பிழைத்தவர் வீட்டில், 'போலீஸ் கேஸ் ஆயிடுமா?' என்ற பயம்தான் முதலில் நிற்கும். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதச் சொல்கிறது என்று விளக்கினால் அம்மா அப்பா முகம் கொஞ்சம் தெளியும்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். பிராஸ்பெக்டஸில் 'நகரின் முன்னணி மருத்துவமனைகளில் களப்பயிற்சி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பயிற்சி செமஸ்டர் வந்தபோது லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் கொடுத்து, நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்றார்கள். மர்பி டவுனில் ஒரு சமூக மையம், அப்புறம் ஒரு பள்ளி என்று சொந்த முயற்சியில்தான் இடம் பிடித்தேன். சமூக மையம் கிடைத்தது அதிர்ஷ்டம் என்றே நினைக்கிறேன். வகுப்பு முழுக்க இங்கிலீஷ். அங்கே வந்தவர்கள் எல்லாம் கோலார் தங்கவயல், திருப்பத்தூர் பக்கமிருந்து வந்து மூன்று தலைமுறையாகத் தமிழும் கன்னடமும் கலந்து பேசுகிறவர்கள். 'தூக்கம் இல்ல, நெஞ்சு அடைக்குது, டாக்டர் எல்லாம் நார்மல்னு சொல்றாரு, அதான் இங்க அனுப்பினாங்க' என்று ஆரம்பிக்கும் ஒரு அக்காவிடம் தியரி வகுப்பின் உதாரணங்கள் எதுவும் நிற்காது.

பள்ளியில் வேறு தலைவலி. சிபிஎஸ்இ விதி கவுன்சலர் இருக்க வேண்டும் என்கிறது, அதனால் வைத்திருக்கிறார்கள். ஆசிரியர் லீவு போட்டால் அந்த பீரியடுக்கு நாம். ஹோம்வொர்க் செய்யாத பையனைத் 'திருத்தி' அனுப்பவும் நாம். பிள்ளை போன கையோடு, "என்ன சொன்னான் மேடம்?" என்று ஸ்டாஃப் ரூமில் விசாரணை. எதைச் சொல்லக்கூடாது, எதைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற கோட்டைப் பாடத்தில் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். பிள்ளைக்குப் பாலியல் தொல்லை என்று தெரியவந்தால் 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி புகார் தெரிவித்தே ஆக வேண்டும், நிர்வாகம் என்ன நினைத்தாலும் சரி. இந்த வரம்பை முதல் சந்திப்பிலேயே பிள்ளையிடம் அதன் வயதுக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது என்பதை வேலையில் சேர்ந்த பிறகு ஒரு சீனியரிடம்தான் கற்றேன். கல்லூரி கற்றுத்தராத இன்னொன்று காசு கேட்பது. முழு நேரம் அழுதுவிட்டு எழுந்து நிற்பவரிடம் ஃபீஸ் எப்படிக் கேட்பது? குடும்பமாக வருபவர்களைக் கையாளவும் போதிய பயிற்சி இல்லை. பெண்ணின் சாதி மாறிய கல்யாணத்தைப் பேச வந்த வீட்டில் பெரியப்பா, சித்தப்பா உட்பட ஐந்து பேர் சோபாவில் உட்காருவார்கள். நம் பாடங்களில் கிளையன்ட் எப்போதும் தனியாகத்தான் வருகிறார்.

சம்பளத்தை மறைக்க வேண்டாம். ஐடியில் வாங்கியதில் பாதி வரவே வருடங்கள் ஆயின. அதற்கு மேல் வேலையில் சேர்ந்த பிறகும் சூப்பர்விஷனுக்கு நாமே பணம் கட்ட வேண்டும். நமக்கென்று ஒரு தெரபிஸ்டிடம் போவதும் நம் செலவு. நான் இரண்டையும் நிறுத்தவில்லை. வீட்டுக்காரர் சம்பாதிப்பதால் முடிந்தது, தனியாகக் குடும்பம் ஓட்டுபவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வேலையை விட வேண்டும்.

சொந்தக்காரர்கள் தொல்லை தனி. கல்யாண வீட்டுப் பந்தியில் மாமா, 'நான் இப்ப என்ன நினைக்கிறேன் சொல்லு பார்ப்போம்' என்பார். இரண்டாவது பாயசம் வேணும்னு நினைக்கிறீங்க மாமா என்று சொல்லித் தப்பிப்பேன். அத்தை தன் மருமகளைக் கூட்டி வந்து புத்தி சொல்லச் சொல்வார். தெரிந்தவர்களை கிளையன்டாக எடுக்கக்கூடாது என்றால் கோபம் வருகிறது, வேறு ஒருவர் நம்பரைக் கொடுத்துவிடுகிறேன்.

மறுபடி சேர்வேனா என்றால் சேர்வேன், இதே கல்லூரியில் மாட்டேன். நீங்கள் போய்ப் பார்க்கும்போது ஓபன் டேயில் மைக் பிடிப்பவரை விட்டுவிட்டு, கேன்டீனில் இரண்டாம் வருடப் பிள்ளைகளைப் பிடியுங்கள். உங்கள் ரெக்கார்டிங்கை யார் கேட்கிறார், ஒரு சூப்பர்வைசருக்கு எத்தனை பேர், அவர் இன்னமும் கிளையன்ட் பார்க்கிறாரா, களப்பயிற்சிக்கு இடம் பிடித்தது யார் என்று கேளுங்கள். 'மேடம் பிஸி, மொத்தமா செமஸ்டர் கடைசியில கையெழுத்துப் போட்டுடுவாங்க' என்று பதில் வந்தால் காபியைக் குடித்துவிட்டு அடுத்த கல்லூரிக்குப் பஸ் ஏறுங்கள். ஆர்சிஐ எண்தான் குறிக்கோள் என்றால், எந்த இடத்துக்கும் பணம் கட்டும் முன் ஆர்சிஐ தளத்தில் உள்ள அங்கீகாரப் பட்டியலில் அந்தக் கல்லூரியும் அந்தப் படிப்பும் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கல்லூரி அலுவலகத்தின் வாய்ப்பேச்சு போதாது.