சின்ன மரவேலைக் கொட்டகைக்கு 1 ஹெச்பி தூசி உறிஞ்சி: வாங்கலாமா?

மரம் சீவும் பிளேனரும் பலகை அறுக்கும் டேபிள் சாவும் இருந்தால், ஒற்றைப் பை வைத்த 1 ஹெச்பி தூசி உறிஞ்சியைத் தயங்காமல் வாங்கலாம். 4 அங்குல ஹோஸில் சீவல் எளிதில் அடைக்காது. ஆனால் கூடவே வரும் 30 மைக்ரான் துணிப்பையை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நம்பாதீர்கள். அது சீவலைப் பிடித்துக்கொண்டு, நுரையீரலுக்குள் இறங்கும் நுண்தூளைக் கொட்டகைக்குள்ளேயே திருப்பி ஊதும். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. 1 மைக்ரான் பையோ கார்ட்ரிட்ஜ் ஃபில்டரோ மாற்றியே ஆகவேண்டும்; அந்தச் செலவையும் சேர்த்தே விலையைப் பாருங்கள்.

நெளிவு ஹோஸ் இழுவையைத் தின்றுவிடும்: 2 மீட்டருக்குள் நிறுத்துங்கள், மீதித் தூரத்துக்கு 110 மி.மீ. பிவிசி குழாய் போதும். மரத்தைத் தேய்க்கும் சாண்டர், விளிம்பைச் செதுக்கும் ரவுட்டர் ஆகியவற்றின் சிறிய வாய்க்கு இந்த உறிஞ்சி சரிவராது. குழாயைக் குறுக்கினால் காற்றோட்டம் படுத்துவிடும். அவற்றுக்குச் சைக்ளோன் வாளி (காற்றைச் சுழற்றித் தூளைப் பிரித்து வாளியில் விழவைப்பது) பொருத்திய வேக்குவம் கிளீனர்தான் சரி. எது வாங்கினாலும், மரம் தேய்க்கும்போது என்95 முகக்கவசத்தைக் கழற்ற வேண்டாம்.