பயிற்சிக்குப் பின்: புரதம் மட்டுமா, கூடவே மாவுச்சத்துமா?

எடை தூக்கி முடித்த கையோடு வே புரோட்டீனில் (பாலிலிருந்து பிரித்தெடுத்த புரதப் பொடி) குளுக்கோஸ் பொடியைக் கலந்து குடிப்பவர்கள் பலர். சர்க்கரை இன்சுலினை ஏற்றும், இன்சுலின் தசையை வளர்க்கும் என்பது அவர்கள் கணக்கு. இதில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதியில்தான் குழப்பம்.

தசையில் புரதம் ஓயாமல் உருவாகிறது, ஓயாமல் சிதைகிறது. வரவு மிஞ்சினால் தசை கூடும். செலவு மிஞ்சினால் கரையும். மனிதத் தசையில் இன்சுலின் செய்வது பெரும்பாலும் செலவைக் குறைப்பதுதான். வரவைக் கூட்டுவது புரதத்தின் கட்டுமானக் கற்களான அமினோ அமிலங்கள், அதிலும் முக்கியமாக லியூசின் என்ற அமினோ அமிலம்.

நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் 2008 ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. இளைஞர்களுக்கு அமினோ அமிலங்களைத் தாராளமாக இரத்தக்குழாய் வழியே ஏற்றிக்கொண்டே, இன்சுலினை லிட்டருக்கு 5, 30, 72, 167 மில்லியூனிட் என நான்கு படிகளில் நிறுத்தினார்கள். 5 என்பது வெறும் வயிற்றில் இருக்கும் அளவு. புரத உருவாக்கம் அந்த 5-லேயே ஏறிவிட்டது. இன்சுலினைக் கூட்டியும் அதற்கு மேல் போகவில்லை. சிதைவு 30-ல் பாதியாகக் குறைந்தது. 167 வரை போயும் கூடுதல் பலன் இல்லை.

இனி பயிற்சிக்குப் பின் சாப்பிடும் மூன்று வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம்.

மாவுச்சத்து மட்டும்: மூன்றில் இதுதான் பலவீனம். 100 கிராம் சாப்பிட்டால் சிதைவு ஓரளவு குறையும், உருவாக்கம் ஏறாது. காரணம் எளிது: சிதைவு அடங்கும்போது இரத்தத்தில் அமினோ அமிலங்களும் குறைகின்றன. புதுப் புரதம் கட்டக் கச்சாப்பொருள் இல்லை. நஷ்டம் சுருங்கும், லாபம் வராது.

புரதம் மட்டும்: ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.3 கிராம். 70 கிலோ எடையுள்ளவருக்கு 21 கிராம். 25 கிராம் வே புரதத்திலோ நான்கு முட்டையிலோ அது கிடைத்துவிடும். இன்சுலினுக்கென்று தனியாக ஒன்றும் சேர்க்க வேண்டியதில்லை. அமினோ அமிலங்களே இன்சுலின் சுரக்கக் கணையத்தைத் தூண்டும்.

இரண்டும் சேர்த்து: கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 25 கிராம் வே புரதத்தையும், அதோடு 50 கிராம் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் (சீக்கிரம் செரிக்கும் மாவுச்சத்துப் பொடி) சேர்த்ததையும் ஒப்பிட்டார்கள் (2011). சேர்த்தபோது இன்சுலின் பல மடங்கு ஏறியது. உருவாக்கத்திலும் சிதைவிலும் வித்தியாசமில்லை. தசைக்காக என்றால் அந்த 200 கலோரி வீண்.

ஆனால் மாவுச்சத்துக்கு வேறொரு நியாயமான வேலை உண்டு: தசையில் சேமிப்பாக இருக்கும் சர்க்கரையான கிளைகோஜனை நிரப்புவது. எட்டு மணி நேரத்துக்குள் மறுபடி ஓடவோ விளையாடவோ வேண்டியவர், முதல் நான்கு மணி நேரத்துக்கு மணிக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் எடுக்க வேண்டும். அடுத்த பயிற்சி நாளைக்குத்தான் என்றால் வழக்கமான சாப்பாடே நிரப்பிவிடும்.

வயதானவர்களுக்குக் கணக்கு மாறும். இன்சுலினை லிட்டருக்குச் சுமார் 15 மில்லியூனிட்டுக்கு உயர்த்தியபோது இளைஞர்களின் கால் தசையில் சிதைவு 47 சதவீதம் குறைந்தது. முதியவர்களிடம் 12 சதவீதம்தான். இதைச் சர்க்கரையைக் கூட்டிச் சரிக்கட்டப் பார்ப்பது தவறு. அறுபதைத் தாண்டியவர்கள் புரதத்தை வேளைக்குக் கிலோவுக்கு 0.4 கிராமாக உயர்த்தட்டும், நடக்கட்டும். 45 நிமிட வேக நடை, மறுநாளும் தசைக்குப் போகும் இரத்த ஓட்டத்தையும் இன்சுலினுக்குத் தசை இணங்குவதையும் மேம்படுத்தியிருக்கிறது.

இன்சுலின் போட்டுக்கொள்ளும் நீரிழிவுக்காரர்கள் மேலே சொன்னதை வைத்து மாவுச்சத்தை வெட்டிவிடக் கூடாது. பயிற்சிக்குப் பின் பல மணி நேரம், சில சமயம் 24 மணி நேரம் வரை, சர்க்கரை தாழும் அபாயம் இருக்கிறது. இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ் எடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். முதல் வகை நீரிழிவில் இன்சுலின் போதாவிட்டால் சிதைவுக்குக் கடிவாளமே இல்லை. எவ்வளவு புரதம் சாப்பிட்டாலும் தசை கரையும். அவர்களுக்கு முதலில் சரிசெய்ய வேண்டியது மருந்தின் அளவு.

நீரிழிவு இல்லாமலேயே தசைக்காக இன்சுலின் ஊசி போடுபவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சிதைவைத் தடுக்கும் பலன், சாப்பாட்டால் எட்டக்கூடிய 30 மில்லியூனிட்டிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி அதற்கு மேல் தருவது தாழ்சர்க்கரை மட்டும்; தூக்கத்தில் வந்தால் அது உயிரையே எடுத்துவிடும்.