பாக்கெட்ல போடற மாதிரி சிம்பிளான ரீஃபில் வேப் வேணுமா? மேல சொருகற பாட்ட (pod) பாத்து வாங்குங்க

வேப் (நிகோட்டின் கலந்த ஜூஸ பேட்டரியால சூடாக்கி ஆவியா இழுக்கற சாமான்) வாங்கணும்னு தேடறவங்க முக்காவாசி பேரு ஸ்க்ரீன் இருக்கா, லைட் எரியுதா, எத்தனை வாட் வரைக்கும் போகும், என்னென்ன கலர் வருதுன்னு தான் பாக்கறாங்க. தம்ம விட்டுட்டு சட்டை பையில ஒண்ண போட்டுக்கிட்டு நாள் பூரா தொல்லை இல்லாம இருக்கணும்னா இதுல எதுவுமே முக்கியம் கிடையாது. மேல சொருகற, ஜூஸ் நிக்கற அந்த சின்ன பிளாஸ்டிக் பாட் தான் எல்லாமே. டேஸ்ட், லீக், செலவு, ஊத்தறப்ப கையில ஒட்டறது, கருகல் வாடை, நல்லதோ கெட்டதோ எல்லாம் அங்க இருந்து தான் வருது, கீழ இருக்கறது வெறும் பேட்டரி.

முதல்லயே சொல்லிடறேன், இது ஏற்கனவே சிகரெட் பிடிக்கற, நிகோட்டின் இல்லாம இருக்க முடியாத பெரியவங்களுக்கு மட்டும். இதுவரைக்கும் தொடாதவங்க தொடவே வேணாம், நிகோட்டின் பிடிச்சா விடாது. சிகரெட்ல எரியற புகையில இருக்கற தாரும் கார்பன் மோனாக்சைடும் இதுல இல்லங்கறதால அதுல இருந்து இதுக்கு முழுசா மாறறவங்களுக்கு பாதிப்பு குறையும், ஆனா பாதிப்பே இல்லன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ரெண்டையும் சேத்து இழுத்துக்கிட்டு இருந்தா அந்த பலனும் பெருசா கிடைக்காது.

இன்னொண்ணு, சட்டம். இந்தியாவுல 2019ல இருந்து வேப் தயாரிக்கறது, இறக்குமதி பண்றது, விக்கறது, விளம்பரம் பண்றது எல்லாமே தடை. சிங்கப்பூர்ல 2018ல இருந்து கையில வச்சிருந்தாலே குற்றம். அதனால வாங்கறதுக்கு முன்னாடியும் சரி, அத எடுத்துக்கிட்டு வேற நாட்டுக்கு கிளம்பறதுக்கு முன்னாடியும் சரி, அங்க சட்டம் என்னன்னு பாத்துருங்க. கீழ எழுதறது எல்லாம் சட்டப்படி வாங்க முடியற இடத்துல இருக்கறவங்களுக்கு.

சரி, பாட்டுக்கு வருவோம். ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, காயில் (பஞ்சுல ஊறின ஜூஸ சூடாக்கி ஆவியாக்கற கம்பி) பாட்டுக்குள்ளயே இருக்கும், காயில் போச்சுன்னா பாட்டையே தூக்கி போட்டுட்டு புதுசு சொருகணும். இன்னொண்ணுல காயில் மட்டும் தனியா அடியில இருந்து பிடுங்கி மாத்தலாம், பாட் அப்படியே இருக்கும். ரெண்டாவது தான் சிக்கனம், குப்பையும் கம்மி, பேப்பர்ல பாத்தா அது தான் நல்லது மாதிரி தோணும். ஆனா புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு நான் முதல் வகைய தான் சொல்லுவேன். ஏன்னா காயில பிடுங்கறப்ப ஜூஸ் கையில வழியும், ரப்பர் வளையம் சரியா உக்காரலன்னா அடியில கசியும், கசிஞ்சா பேட்டரி பக்கம் இருக்கற சென்சார் வரைக்கும் போகும், அப்புறம் நீங்க இழுக்காமயே அதுவா எரிய, அதாவது காயில் சூடாக ஆரம்பிக்கும், இல்லன்னா இழுத்தாலும் எரியாது. சிகரெட்ட விடற முதல் கொஞ்ச நாள்ல இந்த மாதிரி ஒரு எரிச்சல் வந்தா போதும், மனுசன் நேரா பழைய பாக்கெட்டுக்கு போயிடுவான். அந்த நேரத்துல கொஞ்சம் செலவு கூடினாலும் வேலை கம்மியா இருக்கறது தான் பெருசு.

அடுத்து எப்படி ஊத்தறதுன்னு பாருங்க, இத யாருமே கேக்க மாட்டேங்கறாங்க. சில பாட்ட கழட்டி, பக்கவாட்டுல இருக்கற குட்டி ரப்பர் மூடிய நகத்தால நெம்பி, அதுல பாட்டில் மூக்க விட்டு ஊத்தணும். அந்த மூடி நாளாக நாளாக தளர்ந்து போகும், அங்க இருந்து தான் பாதி லீக். மேல வாய் வைக்கற பகுதிய கழட்டுனா நேரா ஓட்டை தெரியற மாதிரி இருக்கற டிசைன் எவ்வளவோ தேவலாம். ஊத்தறது சுலபம், ஓட்டை மேல பக்கமா இருக்கறதால பாக்கெட்ல நிமிர்ந்து நிக்கற வரைக்கும் அது வழியா ஒழுகாது.

பேர் சொல்லி பேசணும்னா, இந்த சைஸ்ல ரெண்டு குடும்பம் ரொம்ப பிரபலம். யூவெல் கம்பெனியோட காலிபர்ன், வேப்பரெஸ்ஸோவோட எக்ஸ்ராஸ். முதல் காலிபர்ன்ல 520 எம்ஏஎச் (பேட்டரியில எவ்வளவு சார்ஜ் நிக்கும்ங்கற அளவு) பேட்டரி, 11 வாட், மைக்ரோ யூஎஸ்பி சார்ஜிங், சூயிங்கம் பாக்கெட் மாதிரி மெலிசா இருக்கும்.  அதுக்கப்புறம் வந்த காலிபர்ன் ஜி-ல 690 எம்ஏஎச், 15 வாட், டைப் சி, காயில மட்டும் மாத்தற டிசைன். இழுத்தாலும் எரியும், பட்டன அமுக்கினாலும் எரியும். பட்டன் வேணும்னு நினைக்கறவங்களுக்கு, காயில் மாத்தறது பத்தி பயம் இல்லாதவங்களுக்கு இது இன்னைக்கும் நல்ல சாமான் தான்.

ஆனா யாராவது என்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கன்னா எக்ஸ்ராஸ் 3 மினி தான் சொல்லுவேன். நான் சொன்ன முதல் வகை பாட் தான், பட்டனே கிடையாது, வாயில வச்சு இழுத்தா வேலை செய்யும், அவ்வளவு தான். 1000 எம்ஏஎச், 2 மில்லி பாட், மேல இருந்து ஊத்தலாம், டைப் சி. ரொம்ப பிடிச்ச விஷயம் என்னன்னா அந்த எக்ஸ்ராஸ் வரிசையில வர்ற பாட் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பொருந்தும். டிவைஸ் புது மாடல் வந்துடுச்சு, பழைய பாட் கிடைக்காதுங்கற பிரச்சனை இங்க கம்மி. வேப் உலகத்துல ஒரு மாடல் வந்து சீக்கிரமே அதுக்கு பாட் கிடைக்காம போறது சர்வ சாதாரணம், நல்ல பேட்டரி கையில இருக்கும், சொருக ஒண்ணும் இருக்காது. ஏர்ஃப்ளோவ (காத்து உள்ள வர்ற அளவ) நகத்தி இறுக்கமா லூசா மாத்திக்கணும்னு ஆசை இருந்தா மினிய விட்டுட்டு எக்ஸ்ராஸ் 3-யவே பாருங்க, அதுல அதுக்கு ஒரு ஸ்லைடர் இருக்கு.

வாங்கறப்ப பாட் மேல ஓம்னு ஒரு நம்பர் (காயிலோட மின்தடை) இருக்கும், அத கண்டிப்பா பாருங்க. 0.6 போட்டா புகை நிறைய, இழுப்பு லூசு, ஜூஸ் மளமளன்னு காலியாகும். 1.0, 1.2 போட்டா சிகரெட் மாதிரி இறுக்கமா, கொஞ்சமா, வாயில வாங்கி அப்புறம் உள்ள இழுக்கற பழக்கத்துக்கு சரியா இருக்கும். 0.8 நடுவுல. சிகரெட்ல இருந்து வர்றவங்க 1.0 இல்ல 1.2ல ஆரம்பிங்க. பெரிய மேகம் மாதிரி புகை விடறத பாத்துட்டு 0.6 வாங்கி, அதுல 20 மில்லிகிராம் ஜூஸ் (ஒரு மில்லி ஜூஸ்ல இருக்கற நிகோட்டின் அளவு) ஊத்தி இழுத்தா தலை சுத்தும், வாந்தி வர்ற மாதிரி இருக்கும், அது நிகோட்டின் அதிகமா போனதோட அறிகுறி.

பேட்டரிக்கு ஒரு சின்ன கணக்கு. 1000 எம்ஏஎச், 3.7 வோல்ட்னா 3.7 வாட் அவர். 12 வாட்ல எரியுதுன்னு வச்சுக்கிட்டா தொடர்ந்து எரிஞ்சா சுமார் 18 நிமிசம். ஒரு இழுப்பு 3 செகண்டுன்னா 350 இழுப்புக்கு மேல. வீணாகறது போக கொஞ்சம் குறையும், இருந்தாலும் பெரும்பாலானவங்களுக்கு ஒரு நாள் தாராளமா போதும். அதே கணக்குல 520 எம்ஏஎச்னா பாதி தான், சாயந்திரம் சார்ஜர தேடணும். அதனால மெலிசா இருக்குங்கறதுக்காக மட்டும் சின்ன பேட்டரிய எடுக்காதீங்க.

ஜூஸ் விஷயத்துல தான் நல்ல டிவைஸயே கெட்டதுன்னு திட்டிக்கிட்டு இருக்கறவங்க நிறைய பேரு. இந்த சின்ன பாட்ல காயிலுக்கு ஜூஸ் போற ஓட்டை ரொம்ப சின்னது. 70, 80 சதவீதம் விஜி (வெஜிடபிள் கிளிசரின்) இருக்கற கெட்டியான ஜூஸ ஊத்தினா பஞ்சு உறிஞ்சறதுக்குள்ள நீங்க அடுத்த இழுப்பு இழுத்துடுவீங்க, பஞ்சு காஞ்சு கருகும், ஒரு தடவை கருகிட்டா அந்த வாடை அந்த பாட்ட விட்டு போகவே போகாது. பிஜி (புரோப்பிலீன் கிளைகால், இது தண்ணியா இருக்கும்) பாதி விஜி பாதி இருக்கறத வாங்குங்க. நிக் சால்ட் (உப்பு வடிவத்துல இருக்கற நிகோட்டின்) தொண்டைய அவ்வளவா உறுத்தாது, அதனால தான் 20 மில்லிகிராம் வரைக்கும் ஈசியா இழுக்க முடியுது. ஃப்ரீபேஸ்ல (உப்பாக்காத சாதா நிகோட்டின்) தொண்டையில நல்லா பிடிக்கும், சிகரெட் மாதிரி அந்த பிடிப்பு வேணும்ங்கறவங்க 6 மில்லிகிராம் இல்லன்னா 12ல பாக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்துலயும் பிரிட்டன்லயும் மில்லிக்கு 20 மில்லிகிராம் தான் உச்சவரம்பு, பாட்டும் 2 மில்லி தான். அமெரிக்காவுல 50 வரைக்கும் விக்குது, 5 சதவீதம்னு போட்டிருந்தா அது 50 தான், 5 இல்ல. இத கவனிக்காம வாங்கிடாதீங்க. அப்புறம் ரொம்ப இனிப்பா இருக்கற ஜூஸ்ல பெரும்பாலும் சுக்ரலோஸ்ங்கற இனிப்பூட்டி போட்டிருப்பாங்க, அது காயில்ல கருப்பா படிஞ்சு பாட்டோட ஆயுச குறைச்சிடும். பாட் சீக்கிரம் போகுதுன்னு புலம்பறவங்க முதல்ல ஜூஸ மாத்தி பாருங்க.

புது பாட்ல ஜூஸ் ஊத்தின உடனே இழுக்காதீங்க. ஒரு 10 நிமிசம் அப்படியே நிமித்தி வையுங்க, பஞ்சு முழுசா நனையட்டும். இது ஒண்ண செஞ்சாலே கருகல் புகார்ல பாதி வராது. தொடர்ச்சியா இழுக்கறதும் வேணாம், நடுவுல கொஞ்சம் இடைவெளி விடுங்க. வாட்டர் பாட்டில்ல உறிஞ்சற மாதிரி பலமா இழுத்தா ஜூஸ் வாய்க்கு வரும், மெதுவா இழுத்தா போதும்.

லீக் பத்தி. பாட்ட கழட்டினா அடியில ஈரமா இருக்கறத பாத்துட்டு உடனே லீக்னு முடிவு பண்ணாதீங்க. ஆவி குளிர்ந்து சொட்டா நிக்கறது தான் பெரும்பாலும், டிஷ்யூவ வச்சு பாட் அடியையும் உள்ள இருக்கற கான்டாக்டையும் அப்பப்ப துடைச்சா முடிஞ்சது. நிஜமாவே ஒழுகுதுன்னா வெயில்ல நிக்கற கார்ல விட்டிருப்பீங்க, சூட்டுல ஜூஸ் தண்ணியாகிடும். இல்ல விளிம்பு வரைக்கும் ஊத்தியிருப்பீங்க. எனக்கு ஒரு டிவைஸ்ல பாட் மாத்தி மாத்தி போட்டும் ஒழுகிக்கிட்டே இருந்துச்சு, அந்த மாதிரி ஒண்ணு வந்து சேந்தா சரி பண்ண உக்காராம மாத்தி வாங்கிடுங்க, நேரம் தான் வேஸ்ட். ஃப்ளைட்ல மேல போனா வெளிய அழுத்தம் குறையும், பாட்டுக்குள்ள இருக்கற காத்து விரிஞ்சு ஜூஸ வெளிய தள்ளும், அதனால பாட்ட காலி பண்ணிட்டு ஏறுங்க. செக்-இன் பெட்டியில வேப் வைக்கவே கூடாது, கையில எடுத்துட்டு போற பையில தான் இருக்கணும், உள்ள லித்தியம் பேட்டரி இருக்கு.

சார்ஜ் பண்ண ஃபோனோட ஃபாஸ்ட் சார்ஜர் வேணாம், கூட வர்ற கேபிள சாதாரண 5 வோல்ட் சார்ஜர்ல போட்டா போதும். தூங்கறப்ப சார்ஜ்ல விட்டுட்டு போகாதீங்க. டப்பால சுரண்டி பாக்கற கோட் நம்பர் இருந்தா கம்பெனி சைட்ல போட்டு பாத்துடுங்க, பிரபலமான மாடலுக்கு போலி பாட் நிறைய சுத்துது, லீக்குக்கும் மோசமான டேஸ்டுக்கும் அதுவும் ஒரு காரணம்.

ஜூஸ் பாட்டில எங்க வைக்கறீங்கங்கறது தான் நான் ரொம்ப கவலைப்படற விஷயம். 10 மில்லி பாட்டில்ல 20 மில்லிகிராம் ஜூஸ்னா உள்ள 200 மில்லிகிராம் நிகோட்டின் இருக்கு, பழ வாசனை வேற, குழந்தைங்க ஜூஸ்னு நினைச்சு வாயில வச்சா உயிருக்கே ஆபத்து, வீட்டுல வளக்கற நாய் பூனைக்கும் அப்படியே. பாட் சொருகி இருக்கற டிவைஸும் அதே கணக்கு தான், 2 மில்லில 40 மில்லிகிராம். அழுத்தி திருகினா மட்டும் திறக்கற மூடி இருக்கற பாட்டிலா வாங்குங்க, உயரத்துல பூட்டி வையுங்க, கையில பட்டுச்சுன்னா உடனே சோப்பு போட்டு கழுவிடுங்க.