கடல் விலங்கு கிராஃப்ட் பெட்டி: வாங்கலாம், பசையை மட்டும் மாற்றிவிடுங்கள்

ராமநாதபுரம், மண்டபம் பக்கத்து ஸ்டேஷனரி கடைகளில் குழந்தைகளுக்கான கிராஃப்ட் பாக்கெட் கேட்டால் சிங்கம், கரடி, பென்குயின்தான் முதலில் கைக்கு வரும். இந்தப் பெட்டியில் ஆமை, நண்டு, கடல்பசு, கடல்குதிரை என்று நான்குமே நம் கடலில் வாழ்பவை. அதற்காகவே 120 ரூபாய் கொடுக்கலாம். 4 முதல் 7 வயது வரை சரியாக இருக்கும்.

நான்கில் ஆமைதான் அருமை. கவிழ்த்த பேப்பர் தட்டுதான் ஓடு. துடுப்புக் கால்களையும் தலையையும் வாலையும் அடியில் ஒட்ட வேண்டும். முன் துடுப்பு நீளம், பின் துடுப்பு குட்டை என்று சரியாக வரைந்திருக்கிறார்கள். ஆனால் பிள்ளைகள் முதலில் எல்லா இடத்திலும் கிரேயான் தீட்டிவிட்டுப் பிறகுதான் ஒட்டுவார்கள். மெழுகின் மேல் பசை பிடிக்காது. கொஞ்ச நேரத்தில் கால்கள் கழன்றுவிடும். ஒவ்வொரு துண்டிலும் ஒட்டும் முனையில் 2 செ.மீ. விட்டு ஒரு கோடு போட்டுக் கொடுங்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் வண்ணம் வேண்டாம்.

பெட்டியோடு வரும் டியூப் பசையில் தண்ணீர் அதிகம். நம் உப்புக் காற்றில் அது காயவே நேரமாகும். அதற்குள் ஈரம் பட்ட பக்கம் ஊறிக் காகிதம் சுருண்டுகொள்ளும். ஃபெவிகாலை ஐஸ் குச்சியால் மெல்லிசாகத் தடவுங்கள். தட்டையான துண்டுகள் என்றால் மேலே ஒரு நோட்டை வைத்துக் கால் மணி நேரம் அழுத்துங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் அட்டைகளை முன்கூட்டியே கவரிலிருந்து எடுக்காதீர்கள். நமுத்த அட்டையில் ஸ்கெட்ச் பேனா மை பரவிவிடும், கிரேயான்தான் நிற்கும்.

நண்டுதான் ஏமாற்றம். கொடுக்கு இரண்டு போக எட்டுக் கால்கள் வேண்டும். பெட்டியில் இருப்பதோ ஆறு பட்டைகள். அவையும் மெல்லிசு, ஒட்டியதும் தொங்கிவிடும். இதற்குப் பனை ஓலையே மேல். ஈர்க்கு நீக்கிய காய்ந்த ஓலையை 1 செ.மீ. அகலத்தில் நறுக்கி, அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்து, நடுவில் ஒரு மடிப்பு மடித்தால் கால் விறைப்பாக நிற்கும். ஓலை விளிம்பு விரலைக் கிழிக்கும், நறுக்குவது பெரியவர்கள் வேலை. வழவழப்பில் பசை நிற்காது, ஸ்டேப்ளர் அடியுங்கள். ஸ்டேப்ளர் பின்னின் முனைகள் தட்டின் உட்புறம் மடியட்டும், அதன் மேல் செல்லோடேப் ஒட்டுங்கள்.

கடல்பசுவின் வாலைத் தப்பாக வரைந்திருக்கிறார்கள். தட்டைக் கரண்டி போன்ற வட்ட வால் கடல்பசுவின் உறவு விலங்கான மானட்டிக்கு உரியது. அது நம் கடலில் இல்லை. நம் மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடல்பசுவுக்கு டால்பின் போல இரண்டாகப் பிரிந்த வால். பாக் விரிகுடாவில் கடல்பசுவுக்கென்றே 2022-ல் 448 சதுர கி.மீ. பரப்பில் காப்பகம் அறிவித்த மாநிலத்தில் விற்கும் பெட்டியில் இந்தப் பிழை இருக்கவே கூடாது. வட்டத்தின் நடுவில் 2 செ.மீ. ஆழத்துக்கு ஆங்கில 'வி' எழுத்துப் போல வெட்டி, இரு ஓரங்களையும் கூராக்கிவிட்டுப் பிள்ளையிடம் கொடுங்கள்.

கடல்குதிரைக்கு அட்டையில் கம்பளி நூல் சுற்ற வேண்டும். ஓரங்களில் சின்னச் சின்ன வெட்டு போட்டால் நூல் வழுக்காது. உருளும் பிளாஸ்டிக் கண்கள் மட்டும் ஆபத்து: வீட்டில் 3 வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் பெட்டியைத் திறந்ததும் அவற்றை எடுத்துவிட்டு, கண்ணைப் பேனாவால் வரையச் சொல்லுங்கள்.