டிஓ பாக்க விங்க்லரா, மெம்ப்ரேனா, ஆப்டிகலா?

புதுசா லேப் போடுறவங்களும் சரி, பழைய மீட்டர் மண்டையப் போட்டு நிக்கிறவங்களும் சரி, கேக்குற கேள்வி இதுதான். டிஓன்னா தண்ணில கரைஞ்சிருக்கிற ஆக்சிஜன்; அத அளக்க விங்க்லர்ங்கிற ரீஏஜென்ட் விட்டு பாக்குற முறை, மெம்ப்ரேன் ப்ரோப், ஆப்டிகல் ப்ரோப்னு மூணு வழி. நான் கழிவுநீர் லேப்ல வேல பாக்குறேன், மூணுலயும் கை வெச்சிருக்கேன், அந்த தைரியத்துல சொல்றேன்.

விங்க்லர் 1888ல வந்தது, லாயோஸ் விங்க்லர்னு ஹங்கேரிக்காரர் கண்டுபிடிச்சது. இன்னிக்கும் ரெண்டு மீட்டர் ரெண்டு விதமா காட்டுனா பஞ்சாயத்துக்கு இதத்தான் கூப்பிடணும். 300 மில்லி பிஓடி (கிருமிங்க அழுக்க தின்ன எவ்ளோ ஆக்சிஜன் இழுக்குதுன்னு பாக்குற டெஸ்ட்) பாட்டில்ல குமிழி இல்லாம தண்ணி நெரப்பி, மாங்கனஸ் சல்பேட்டும் அல்கலி அயோடைடு அசைடும் விட்டு மூடி தலகீழா ஆட்டுனா பழுப்பா திரிஞ்சு எறங்கும், ஆக்சிஜனே இல்லாத சாக்கடத் தண்ணின்னா வெள்ளையாவே நிக்கும், அத பாத்தவொடனே டைட்ரேஷன் (பியூரெட் குழாய்ல இருந்து சொட்டு சொட்டா விட்டு அளக்குறது) பண்றதுக்கு முன்னாடியே ரிசல்ட் தெரிஞ்சிடும். அப்புறம் சல்பியூரிக் ஆசிட் விட்டு கரைச்சு, 201 மில்லி எடுத்து 0.025 நார்மல் தயோவால (சோடியம் தயோசல்பேட்) டைட்ரேட் பண்ணி, வெளிறுன வைக்கோல் கலர் வந்ததும் ஸ்டார்ச் விட்டு, நீலம் போற எடத்துல நிறுத்தணும். 1 மில்லி தயோன்னா லிட்டருக்கு 1 மில்லிகிராம் டிஓ, கணக்கே கெடையாது.

செலவு கம்மி, ஆனா இடுப்பு ஒடியும். பிஓடில இனிஷியலுக்கு ஒரு பாட்டில், மூணு நாள் 27 டிகிரில வெச்சு எடுக்க இன்னொரு பாட்டில், ஏன்னா ரீஏஜென்ட் விட்ட பாட்டில திரும்ப இன்குபேட்டர்ல வெக்க முடியாது. 20 டைல்யூஷன்னா (தண்ணி கலந்து நீர்க்க வெச்ச சாம்பிள்) 40 டைட்ரேஷன். அதோட சாம்பிள்ல குளோரின் மிச்சம் இருந்தா ரீடிங் ஏறும், ஃபெரஸ் அயர்ன் இருந்தா எறங்கும். ஒரு தடவ புதுசா வந்த தம்பி அசைடு போடாமலே ரீஏஜென்ட் கரைச்சு வெச்சிருக்கான், எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) சாம்பிள்ல நீலம் போகுது, திரும்பிப் பாத்தா மறுபடி வந்து நிக்குது, இவன் தயோ விட்டுக்கிட்டே இருக்கான், சாயங்காலம் வரைக்கும். எல்லாம் நைட்ரைட் பண்ற வேல, அத அடக்கத்தான் அசைடு.

மெம்ப்ரேன் ப்ரோப், அதாவது 1956ல லேலண்ட் கிளார்க் வெளியிட்ட எலக்ட்ரோடு வம்சம். வெல நடுத்தரம். ஒரே பாட்டில்ல இனிஷியலும் ஃபைனலும் பாத்துக்கலாம், அதுவே பெரிய நிம்மதி. ஆனா இது அளக்குற ஆக்சிஜன தானே சாப்பிடும், அதனால தண்ணி கலங்கிக்கிட்டே இருக்கணும், ஸ்டிர்ரர நிறுத்துனா நம்பர் மெதுவா எறங்கும். மெம்ப்ரேன் மாத்துறப்ப உள்ள ஊசி முனை அளவு குமிழி மாட்டுனாலும் ரீடிங் ஊர ஆரம்பிச்சிடும், கழட்டி மாட்டி கழட்டி மாட்டி அர நாள் ஓடும். அழுகுன முட்ட வாசன அடிக்கிற சாம்பிள்னா சல்ஃபைடு எலக்ட்ரோட கெடுத்து விட்ரும். இனிமே புதுசா இத வாங்காதீங்க, ஏற்கனவே இருந்தா ஓட்டுங்க.

ஆப்டிகல்ல ப்ரோப் முனைல மாட்டுற கேப் உள்ள ஒரு சாயம் பூசியிருக்கும், நீல வெளிச்சம் பட்டா செவப்பா ஒளிரும், ஆக்சிஜன் எவ்ளோ அதிகமோ அந்த ஒளி அவ்ளோ சீக்கிரம் அணையும், அந்த நேரத்தத்தான் அளக்குது. ஆக்சிஜன திங்காது, எலக்ட்ரோலைட் ஊத்துற வேல இல்ல, சல்ஃபைடுக்கும் அசராது. தெனமும் பிஓடி ஓடுற லேப்னா கண்ண மூடிக்கிட்டு இதுதான். அசிட்டோன் மாதிரி சால்வென்ட் வெச்சு மட்டும் தொடச்சிடாதீங்க, பூச்சு போயிரும்.

ரெண்டு ப்ரோபுக்குமே கேலிப்ரேஷன்ல தப்பு வரும். பிஓடி பாட்டில் அடில கொஞ்சம் தண்ணி விட்டு ஈரக்காத்துல வெப்போம்ல, முனைல ஒரு சொட்டு ஒட்டியிருந்தாலே போச்சு. காத்தழுத்தமும் சரியா போடணும், சென்னைல 25 டிகிரில சேச்சுரேஷன் (தண்ணி பிடிக்கக்கூடிய முழு ஆக்சிஜன்) லிட்டருக்கு 8.26 மில்லிகிராம் வரும், ஊட்டில அதே 25க்கு 6.5ஐ கூட தாண்டாது. நான் திங்கக்கெழமதோறும் காத்து ஊதுன தண்ணில ப்ரோப் ரீடிங் எடுத்துட்டு பக்கத்துலயே ஒரு விங்க்லர் போட்டுருவேன், 0.2க்கு மேல வித்தியாசம் வந்தா ப்ரோப நம்ப மாட்டேன், ஆனா அதுக்கு முன்னாடி தயோவ ஸ்டாண்டர்டைஸ் பண்ணி, அதோட வீரியம் சரியான்னு பாப்பேன், பாதி நேரம் குத்தம் அங்கதான் இருக்கும்.

வாங்குறப்ப மீட்டர் வெலைய அப்புறம் கேளுங்க, கேப் வெல என்ன, எத்தன நாள்ல வரும்னு மொதல்ல கேளுங்க. சில மாடல்ல கேப் நல்லாவே இருந்தாலும் 365 நாள் முடிஞ்சா மாத்துன்னு மீட்டரே கத்தும், எங்களுக்கு புது கேப் வர ஆறு வாரம் ஆச்சு, அந்த ஆறு வாரமும் பழையபடி பியூரெட்தான்.