கல்கியா, கல்லா? பொன்னியின் செல்வன் வாசகர் குழுவில் ஏழு வருடம்

2018 ஆடிப்பெருக்கை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை நாலரை மணிக்குத் திருச்சியில் அந்த வேனில் ஏறினேன். அதற்குள் கல்கியின் சோழர் கால நாவலான பொன்னியின் செல்வனை மூன்று தடவை படித்து முடித்திருந்தேன். வீட்டில் யாரிடமும் அதைப் பற்றிப் பேச முடியாது. மூன்று பேர் உட்கார்ந்து நந்தினியைப் பற்றிப் பேச ஒரு இடம் கிடைத்தால் போதும் என்றுதான் அந்தக் குழுவில் சேர்ந்தேன்.

போன இடம் வீராணம் ஏரி. நாவலின் முதல் அத்தியாயத்தில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிற அதே கரை. அந்த வருடம் மேட்டூர் அணை நிரம்பி, காவிரியில் தண்ணீர் புரண்டுகொண்டிருந்தது. கரையில் நின்று ஒருவர் முதல் பக்கத்தைச் சத்தமாக வாசித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற அக்கா ஒன்றும் சொல்லாமல் கட்டுச்சோற்றுப் பொட்டலத்தை என் கையில் வைத்தார். இன்றுவரை வேனில் அவர் பக்கத்து இருக்கைதான் எனக்கு.

அன்று மதியம் காட்டுமன்னார்கோயில் உடையார்குடியில் உள்ள அனந்தீசுவரர் கோயிலுக்குப் போனோம். ராஜராஜ சோழனின் அண்ணன் ஆதித்த கரிகாலனின் கொலையைப் பற்றிப் பேசும் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. கூட்டத்தில் ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எல்லோருக்கும் அவர் 'ஐயா'. டார்ச்சை நேராக அடிக்காமல் சுவரை ஒட்டிச் சாய்த்துப் பிடிக்கச் சொன்னார். அதுவரை வெறும் கீறலாகத் தெரிந்தது நிழல் விழுந்ததும் எழுத்தாக எழுந்து நின்றது. 'பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழ'னைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்ற சகோதரர்களின் பெயர்கள். ரவிதாசன் கல்கி உண்டாக்கிய பாத்திரம் என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

"நாவல்ல கொலை நடக்கிற கடம்பூர் மாளிகையும் இதில் இருக்கா ஐயா?" என்று கேட்டேன்.

"அது கல்கிம்மா. இது கல்லு. ரெண்டும் வேணும், ஆனா கலந்துடக் கூடாது" என்றார்.

எங்கள் குழுவுக்கு எழுதாத சட்டம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். யார் எதைச் சொன்னாலும் "கல்கியா, கல்லா?" என்று யாராவது கேட்பார்கள். பழுவேட்டரையர் என்ற பெயர் கல்லில் உண்டு. நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் மூவரும் முழுக்கக் கல்கி. ஆரம்பத்தில் இந்தக் கேள்வி எனக்கு வலித்தது, பூங்குழலி இல்லையென்றால் கோடிக்கரைக்கு நான் எதற்குப் போக வேண்டும் என்று. அப்புறம் போனேன். குழகர் கோயிலில் நின்றபோது, ஒரு வெறும் கடற்கரையில் இப்படி ஒரு பெண்ணைக் கல்கி நிற்க வைத்தாரே என்று அவர்மேல் மரியாதை இன்னும் கூடித்தான் போனது.

உடையார்குடிக் கல்வெட்டை இந்த ஏழு வருடத்தில் நாலு தடவை பார்த்தாயிற்று. அடிப்படையில் அது ஒரு நில விவகாரம். துரோகிகளுடைய, அவர்கள் உறவினர்களுடைய நிலத்தைப் பறிமுதல் செய்து விற்க, வாங்கியவர் அதைத் தர்மத்துக்கு எழுதி வைத்ததைச் சொல்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அப்படியானால் கொலைக்கும் ராஜராஜனுக்கும் இடையில் ஆண்ட அவர் சித்தப்பா உத்தம சோழன் ஏன் சும்மா இருந்தார்? வரலாற்றாசிரியர்களில் நீலகண்ட சாஸ்திரியார் கொலை விஷயத்தில் உத்தம சோழன் மேல் சந்தேகப்பட்டார், சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். சித்தப்பாவுக்கு ஆசை இருக்கும்வரை அரியணையை மனத்தாலும் விரும்பமாட்டேன் என்று அருள்மொழி, அதாவது ராஜராஜன், இருந்ததாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. உத்தம சோழனின் மகன் ராஜராஜனின் ஆட்சியிலேயே அதிகாரத்தில் இருந்திருக்கிறார். ஒரு வேன் பயணம் முழுக்க இதை வைத்தே சண்டை போட்டிருக்கிறோம். நான் பண்டாரத்தார் பக்கம். ஐயா இன்னும் சாஸ்திரியார் பக்கம்.

சரி, குறைகளையும் சொல்லிவிடுகிறேன். 2022 செப்டம்பரில் படம் வந்ததும் குழுவில் ஆட்கள் மளமளவென்று சேர்ந்தார்கள். புதிதாக வந்தவர்கள்மேல் எனக்கு வருத்தமே இல்லை, படம் பார்த்துவிட்டு ஐந்து பாகத்தையும் வாங்கிப் படித்தவர்கள் அதில் நிறையப் பேர். கல்கியின் எழுத்து அரசுடைமை ஆனதால் மலிவுப் பதிப்புகளும் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் கூடவே சாதிப் பேச்சும் உள்ளே வந்தது. ராஜராஜன் எங்கள் ஆள் என்று இரண்டு தரப்பு. கொலைகாரர்கள் எந்தச் சாதி என்று ஒரே கல்வெட்டை வைத்துக்கொண்டு இன்றைக்கு உயிரோடு இருப்பவர்களைத் திட்டுகிற பேச்சு. ஒரு மாதக் கூட்டம் அதிலேயே உடைந்தது. சிலர் போய்விட்டார்கள், நானும் ஆறு மாதம் போகவில்லை. திரும்பிப் போனபோது, சாதியைப் பேசினால் கூட்டம் அத்துடன் முடியும் என்று முடிவெடுத்திருந்தார்கள். அது இப்போதும் அப்படியே நிற்கிறது. அது மட்டும் இல்லையென்றால் நான் இருந்திருக்க மாட்டேன்.

இன்னொன்று கோயில்களில். எழுத்து தெரிய வேண்டும் என்று சாக்பீஸைத் தேய்ப்பவர்களை எங்கள் பயணத்திலேயே பார்த்திருக்கிறேன். ஆயிரம் வருடம் நின்ற கல்லை ஒரு புகைப்படத்துக்காகத் தேய்ப்பதை என்னால் பொறுக்க முடியாது, முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவேன். சாய்த்துப் பிடித்த ஒரு டார்ச் போதும்.

செலவு பெரிதில்லை. வருடத்துக்கு மூன்று பயணம், வேன் வாடகையைப் பங்கு போட்டால் தலைக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் ரூபாய். சாப்பாட்டை ஆளுக்கொன்றாகக் கொண்டுவருவோம். கால் வலிக்கும், வெயில் அடிக்கும், பல ஊர்களில் பெண்களுக்குக் கழிப்பறை கிடைக்காது. சேருகிறவர்கள் அதற்குத் தயாராக வர வேண்டும்.

படிக்கக் கற்றுக்கொண்டதுதான் எனக்குக் கிடைத்த பெரிய லாபம். கல்வெட்டில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்ற தொடக்கத்தை மட்டும் அடையாளம் காணவே எனக்கு இரண்டு பயணம் ஆனது. மூன்றாவது வருடம் தஞ்சைப் பெரிய கோயிலில், தான் கொடுத்ததையும் மற்றவர்கள் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொல்லும் ராஜராஜனின் ஆணையில் 'அக்கன்' என்ற சொல்லை யாரும் சொல்லித்தராமல் நானே படித்தேன். அவ்வளவு பெரிய அரசன் தன் கொடைக்கு அடுத்தபடி அக்கா குந்தவை கொடுத்ததைச் சொல்கிறான். குந்தவை அங்கே தன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் திருமேனி எடுத்து வைத்திருக்கிறாள். அவளைக் குறிக்கும் இடத்தில்தான் 'வல்லவரையர் வந்தியதேவர் மகாதேவியார்' என்று வருகிறது. வந்தியத்தேவனைப் பற்றி அங்கே நான் கண்டது மனைவியின் பெயருக்கு முன்னால் நிற்கும் அந்த ஒரு பெயர்தான். கல்கி அதிலிருந்து ஐந்து பாகத்துக்கு ஒரு மனிதனை எழுப்பியிருக்கிறார். அன்று ராத்திரி வீட்டுக்கு வந்ததும் முதல் பாகத்தை மறுபடி எடுத்தேன்.

அடுத்த பயணம் கோனேரிராஜபுரம், உத்தம சோழனின் தாய் செம்பியன் மாதேவி எடுப்பித்த கற்கோயிலைப் பார்க்க. பக்கத்து வீட்டுப் பெண், பத்தாம் வகுப்பு, தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். இப்போது இரண்டாம் பாகமான 'சுழற்காற்று' பாதியில் இருக்கிறாளாம். வேனில் அவள் எதிரே கடம்பூரைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.