குவீன்: படமா, மேடைப் பதிவா?

மும்பை மாட்டுங்காவில் எங்கள் ராக் ரசிகர் கூட்டத்தில், பிரிட்டிஷ் ராக் குழுவான குவீன் பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டு கட்சிதான். அவர்கள் கதையாக 2018-இல் வந்த ‘பொஹீமியன் ராப்சடி’ படமா, 1985 ஜூலை 13 அன்று லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் நடந்த ‘லைவ் எய்ட்’ நிதிதிரட்டுக் கச்சேரியில் அவர்கள் பாடிய பதிவா?

படத்தின் பலம், குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரியாக நடித்த ராமி மாலெக். ஆஸ்கர் அவருக்குச் சும்மா கிடைக்கவில்லை. ஆனால் காலக்கணக்கு இடிக்கிறது. லைவ் எய்டுக்கு முன் குழு பிரிந்து கிடந்ததாகக் காட்டுகிறார்கள். உண்மையில் 1984-இல் ஆல்பம் வெளியிட்டு, 1985 ஜனவரியில் ரியோவிலும் பாடினார்கள். ஃப்ரெடி அப்போதே தன் எச்.ஐ.வி. பாதிப்பைக் குழுவிடம் சொல்வதாக வேறு காட்சி. அவருக்கு அது தெரியவந்தது 1987-இல் என்றுதான் பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஒருவரின் நோயைக் கிளைமாக்ஸுக்காக முன்னால் இழுத்ததை என்னால் ஏற்கவே முடியவில்லை. அப்புறம், நம் பக்கத்துப் பஞ்சகனியில் படித்தபோது ஹெக்டிக்ஸ் என்ற பள்ளி இசைக்குழுவில் ஃப்ரெடி பியானோ வாசித்தாரே, அதற்குப் படத்தில் இடமே இல்லை. மும்பை ரசிகர்களுக்கு இது பெரிய ஏமாற்றம்.

பதிவு சுமார் இருபது நிமிடம். கதை கிடையாது. ‘ரேடியோ காகா’ பாட்டுக்கு மொத்த மைதானமும் ஒன்றாகக் கைதட்டுகிறது, ஃப்ரெடி ‘ஏ... ஓ’ என்று இழுக்க, கூட்டம் திருப்பிப் பாடுகிறது.

என் ஓட்டு பதிவுக்குத்தான். குவீனைக் கேட்டே இராத தம்பி தங்கைகளுக்கு மட்டும் முதலில் படத்தைப் போட்டுக் காட்டுங்கள்.